பக்கத்துச் சபைக்குப் பூட்டு விழுந்தபோது நாம் எங்கே நின்றோம்?

செக்காலைப் பங்குக்காரன் | ஜனவரி 19, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு வாடகை வீட்டில் சின்னச் சபை ஒன்று நடக்கிறது. 15 குடும்பம் இருக்கும். பெரும்பாலும் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற சனங்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திருபது பேர் வாசலில் வந்து நின்று, மதம் மாற்றுகிறீர்கள், இங்கே ஜெபம் நடத்தக் கூடாது என்று சத்தம் போட்டார்கள். பிறகு புகார் போனது. விசாரிக்க வந்தவர்கள், அனுமதி வாங்கும்வரை கூடாதீர்கள் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பூட்டுப் போட்டுவிட்டார்.

அன்றைக்கு அந்தச் சத்தம் நடக்கும்போது நான் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து மனைவி, மகனோடு பைக்கில் அதே தெரு வழியாகத்தான் வந்தேன். பாஸ்டர் வாசற்படியில் நின்றார். என்னைப் பார்த்தார். அவர் மகனும் என் மகனும் ஒரே வகுப்பு. நான் வண்டியை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்: "அப்பா, அவங்களும் இயேசு சாமியைத்தானே கும்பிடுறாங்க?" நான் ஒன்றும் சொல்லாமல் சட்டையைக் கழற்றி மாட்டப் போய்விட்டேன்.

நேற்று ஒன்றிப்பு வாரம் தொடங்கியது. ஜனவரி 18 முதல் 25 வரை உலகம் முழுக்க எல்லாப் பிரிவுக் கிறிஸ்தவர்களும் ஒற்றுமைக்காக வேண்டிக்கொள்கிற நாள்கள். எங்கள் கோயிலில் அந்த மன்றாட்டை வாசித்தது நான்தான். பாதியில் குரல் அடைத்துக்கொண்டது. கேட்டவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். எனக்குத்தான் தெரியும், அது வெட்கம்.

ஒருவருக்கு எதிர்ப்பு வரும்போது மற்றவர்கள் ஏன் ஒதுங்குகிறோம்? உங்கள் ஊர்களில் எப்படி? மனம் விட்டுப் பேசுங்கள்.

---

தேவகோட்டை டீச்சர் | ஜனவரி 19, இரவு 10.25

தம்பி, இதை வெளியே சொன்னதற்கே தைரியம் வேண்டும். நான் சி.எஸ்.ஐ., தென்னிந்தியத் திருச்சபை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாளைக்கு முன்பு சிறாவயல் மஞ்சுவிரட்டு முடிந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு வசனம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பைபிளில் பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதம், பிலிப்பியர் முதல் அதிகாரம், 27, 28. ஒரே ஆவியிலே உறுதியாய் நின்று, விசுவாசத்திற்காகக் கூடப்போராடி, எதிர்க்கிறவர்களால் ஒன்றிலும் மருளாதிருக்க வேண்டும் என்கிறார் பவுல். அந்த 'மருளாதிருக்க' என்ற சொல்லைப் பாருங்கள். நம் பக்கத்தில் மாடு மருளும் என்போம். வெடிச் சத்தம் கேட்டாலோ புதுத்துணியைக் கண்டாலோ மிரண்டு கூட்டத்துக்குள் பாயும். கிரேக்க மூலத்தில் இருக்கிற சொல்லும் குதிரை மிரளுவதற்குச் சொல்கிற சொல்தான். பழைய மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு பொருத்தமான தமிழைப் பிடித்திருக்கிறார்!

என் தாத்தா பந்தய வண்டி ஓட்டியவர். நுகத்தில் ஒரு மாடு மருண்டாலும் பக்கத்து மாடு காலூன்றி நின்றால் வண்டி கவிழாது என்பார். பவுல் அந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஏன் வைத்தார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. 'கூடப்போராடி' முதலில் வருகிறது, 'மருளாமை' பிறகு வருகிறது. தனி ஆளிடம் மருளாதே என்று அவர் சொல்லவே இல்லை.

---

பங்குப்பேரவை பெரியவர் | ஜனவரி 20, காலை 6.15

எல்லாம் சரி. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் பேசக் கூடாது.

என் அக்கா மகள் இப்படி ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனாள். ஆறு மாதத்தில் வீட்டிலிருந்த மாதா சுரூபத்தைக் குப்பையில் போட்டாள். அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்படியென்றால் எங்கள் சாமியார் கொடுத்தது என்ன? அக்கா அதே ஏக்கத்தில் போய்ச் சேர்ந்தது. அடக்கப் பூசைக்குக்கூட மகள் கோயிலுக்குள் வரவில்லை, வெளியே நின்றாள்.

எங்களை விக்கிரக ஆராதனைக்காரர்கள் என்று மைக்கில் பேசுகிறவர்களுக்கு ஆபத்து வந்தால் மட்டும் ஒற்றுமையா? எனக்கு அவர்கள் மேல் பகை இல்லை. ஆனால் காயம் இருக்கிறது. அதை மூடிவைத்துவிட்டுக் கை கோத்தால் அது நிற்காது.

---

பள்ளத்தூர் விசுவாசி | ஜனவரி 20, காலை 11.50

ஐயா, ஸ்தோத்திரம். நான் அப்படிப்பட்ட ஒரு சபையைச் சேர்ந்தவன். உங்கள் அக்காவைப் பற்றி வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் அப்படிப் பேசுவது உண்மை. நானே பேசியிருக்கிறேன். இருபது வயதில், மாதா கோயில் தேர் போகும்போது வேண்டுமென்றே துண்டுப் பிரதி கொடுத்தவன் நான். அது சாட்சி அல்ல, அகந்தை. மன்னித்துக்கொள்ளுங்கள். அக்கா மகளுக்காக நான் பேச முடியாது, எனக்காகக் கேட்கிறேன்.

ஞானஸ்நானத்தைப் பற்றி என் விசுவாசம் வேறுதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் மறைந்த ஒரு தாயின் அடக்கத்துக்கு உள்ளே போகக் கூடாது என்று எந்த வசனமும் எனக்குச் சொல்லவில்லை.

அப்புறம் ஒன்று. எங்கள் சபைக்கும் மூன்று வருடம் முன்பு பிரச்சினை வந்தது. பாஸ்டரோடு ஸ்டேஷனுக்குப் போனது நானும் இன்னொரு சகோதரரும் மட்டும். காலை பத்து மணியிலிருந்து ராத்திரி எட்டு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் திட்டியதுகூட இப்போது ஞாபகம் இல்லை. வாசலில் யாராவது நமக்காக வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

---

கல்லல் பையன் தோஹாவில் | ஜனவரி 20, பிற்பகல் 3.05

நான் கத்தாரில் ஏசி மெக்கானிக். இங்கே எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே வளாகம். கத்தோலிக்கக் கோயில் 2008-ல் திறந்தது, பக்கத்திலேயே ஆங்கிலிக்கன், ஆர்த்தடாக்ஸ் என்று ஒவ்வொன்றும் இருக்கிறது. வெளியே சிலுவை தெரியாது. வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு. ஊரில் சி.எஸ்.ஐ. கோயில் வாசலைக்கூட மிதிக்காத நான், இங்கே பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு எத்தியோப்பியர், பின்னால் ஒரு மலையாளி மார்த்தோமா, எல்லாரும் ஒரே வெயிலில் நிற்கிறோம்.

2015 பிப்ரவரியில் லிபியாவில் கடற்கரையில் 21 பேரைக் கொன்றார்களே, அவர்களும் எங்களைப் போல வேலைக்குப் போனவர்கள்தான். 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானா நாட்டுக்காரர். காப்டிக் திருச்சபை அவர்களைப் புனிதர்கள் என்றது. 2023-ல் ரோமையும் தன் மறைசாட்சிகள் பட்டியலில் அவர்களைச் சேர்த்தது. கொல்ல வந்தவன் நீ எந்தச் சபை என்று கேட்கவில்லை.

---

வக்கீல் ஐயா | ஜனவரி 20, இரவு 8.30

முதலில் ஒரு நடைமுறை விஷயம். வாய்வார்த்தையாக நிறுத்தச் சொன்னால், எந்தச் சட்டப்படி, எந்தப் பிரிவில் என்று எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேட்க வேண்டும். மனு கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். நம் சனம் இந்த இரண்டையும் செய்வதே இல்லை.

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, மதத்தை நம்பவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டுத்தான். 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்றும் சொன்னது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது எல்லாப் பிரிவினரும் சேர்ந்து எதிர்த்தார்கள். 2004-ல் அரசே அதை விலக்கிக்கொண்டது. அந்தச் சமயம் நான் ஜூனியர். சி.எஸ்.ஐ. ஆயரும் எங்கள் பங்குத்தந்தையும் ஒரே மேசையில் உட்கார்ந்து மனு எழுதியதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சட்டம் போனதும் மேசையும் கலைந்துவிட்டது, அது வேறு கதை.

டீச்சரம்மா பிலிப்பியரை எடுத்தார்கள், அதிலேயே நிற்கிறேன். அந்தச் சபை பிறந்ததே இப்படி ஒரு புகாரில்தான். அப்போஸ்தலர் 16-ஐ வாசியுங்கள். அடிமைப் பெண் ஒருத்தி குறி சொல்வதால் எஜமான்களுக்கு வருமானம் வந்தது. பவுல் அவளிடமிருந்த ஆவியைத் துரத்தியதால் அது நின்றதும், பவுலையும் அவரோடு வந்த சீலாவையும் இழுத்துப் போய், நமக்குத் தகாத முறைமைகளைப் போதிக்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். அதிகாரிகள் அடித்துச் சிறையில் போட்டார்கள். போனது காசு, எழுதிய புகார் பண்பாடு. மறுநாள் காலை அதிகாரிகள் சத்தமில்லாமல் விட்டுவிடப் பார்த்தபோது பவுல் நகரவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் அடித்தீர்கள், நீங்களே வந்து வெளியே அழைத்துப் போங்கள் என்றார். அடி வாங்கும்போது சொல்லாத குடியுரிமையை அவர் இப்போது ஏன் சொன்னார்? அவர் ஊரைவிட்டுப் போகப் போகிறார். லீதியாள் என்ற பெண்ணின் வீட்டில் கூடுகிற அந்தச் சின்னச் சபை அங்கேயே வாழ வேண்டுமே. அவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். வலுவான ஆள் தன் உரிமையை வலுவில்லாதவனுக்காகப் பயன்படுத்த வேண்டும்.

காரைக்குடியில் யார் வலு? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மறைமாவட்டம் எல்லாம் வைத்திருக்கிற நாம்தான்.

---

சருகணி வாசகர் | ஜனவரி 21, காலை 7.10

வக்கீல் ஐயாவுக்கு நன்றி. எங்கள் மண்ணிலேயே இதற்கு ஒரு கதை உண்டு.

அருளானந்தர், அதாவது ஜான் டி பிரிட்டோ என்ற இயேசு சபைக் குரு, 1647-ல் லிஸ்பனில் பிறந்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் வெட்டுப்பட்டார். இது எல்லாருக்கும் தெரியும். 1686-ல் மறவர் நாட்டில் அவர் பிடிபட்டதை நாம் அதிகம் பேசுவதில்லை. அன்று அவர் தனியாக இல்லை. அவரோடு வேலை செய்த உள்ளூர் உபதேசியார்களும் கூடப் பிடிபட்டார்கள், அதே சித்திரவதையை அனுபவித்தார்கள். அவரோ வெளிநாட்டுக்காரர், கப்பல் ஏறிப் போக முடியும். உபதேசியார்களுக்கு எந்தக் கப்பல்? சொந்த ஊர், சொந்த சாதிசனம், எல்லாவற்றையும் பகைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி நேரில் விசாரித்து, இனிப் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார். அருளானந்தர் ஐரோப்பா போய்விட்டு 1690-ல் திரும்பி வந்ததும் மறுபடி இதே மண்ணுக்குத்தான் வந்தார்.

எதிர்ப்பு எப்படி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மறவர் குலத் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது பல மனைவியரில் ஒருவரைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் வேதனையிலும் ஒரு நியாயம் இருந்திருக்கும். எதிர்ப்பவர் எல்லாரும் கெட்டவர் என்று நான் நினைப்பதில்லை.

அதே மறவர் சீமையில் பிற்காலத்தில் மருது சகோதரர்கள் எங்கள் சருகணிக் கோயிலுக்கு மானியம் விட்டார்கள். ஓரியூரில் செம்மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்கிறவர்களில் பலர் இந்துக்கள்.

---

பெயர் வேண்டாம் | ஜனவரி 21, இரவு 11.45

எல்லாரும் வெளி எதிர்ப்பையே பேசுகிறீர்கள். நான் தலித் கிறிஸ்தவன். எங்கள் பங்கில் தேர் எங்கள் தெருவுக்கு வராது. கல்லறையிலும் எங்களுக்குத் தனி மூலை. எங்கள் அப்பாவைப் புதைத்த அன்று மழை. மேட்டில் இடம் இருந்தும் பள்ளத்தில்தான் குழி வெட்டினோம், தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினோம்.

அந்தச் சின்னச் சபைக்கு எங்கள் சனம் ஏன் போகிறது என்று பெரியவர் யோசிக்க வேண்டும். அங்கே பாஸ்டர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.

---

பங்குப்பேரவை பெரியவர் | ஜனவரி 22, காலை 5.50

நேற்று ராத்திரியிலிருந்து இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, தம்பி. எங்கள் பங்குக் கல்லறையிலும் அந்த மூலை இருக்கிறது. பேரவையில் ஒன்பது வருடம் இருந்தேன், ஒரு தடவைகூட அதைப் பேச்சுக்கு எடுக்கவில்லை.

---

தேவகோட்டை டீச்சர் | ஜனவரி 22, மாலை 6.20

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கம் என்று சுவர் இருந்தது. அதை இடிக்க 20-ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. இடித்தபோது எதிர்த்தவர்கள் வெளியாட்கள் அல்ல. ஆகவே பெயர் சொல்லாத தம்பி கேட்பது நியாயம். பிலிப்பியர் நிருபத்திலும் பவுல் வெளி எதிர்ப்பை முதல் அதிகாரத்தில் சொல்கிறார், நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒரே சிந்தையாயிருங்கள் என்று கெஞ்சுகிறார். சபை முன்னால் சத்தமாக வாசிக்கிற கடிதத்தில் பேர் சொல்லுகிறார் என்றால் அது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்!

எங்கள் சி.எஸ்.ஐ. கதையையும் சொல்கிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 30 பேருக்குச் சற்று அதிகமானவர்கள் கூடினார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அசரியா பேராயர் அதில் முக்கியமானவர். வெள்ளாளன்விளையில் பிறந்தவர், முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டைகளை நாம் ஏன் இங்கே சுமக்க வேண்டும், இந்தப் பிரிவினைகளே நம்மைப் பலவீனமாக்குகின்றன என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். அதன்பின் 28 வருடம் ஆனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் எல்லாரும் ஒரே திருச்சபை ஆனார்கள். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-ன் முதல் நாளே இறந்துவிட்டார். தரங்கம்பாடியோ 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய லுத்தரன் மண். அந்த லுத்தரன் சபை இன்றுவரை அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. முழுமை ஆகாத காரியம்தான். இருந்தாலும் என் பெற்றோர் கல்யாணம் நடந்தது அதனால்தான். அப்பா வீடு ஒரு மிஷன், அம்மா வீடு இன்னொரு மிஷன்.

இன்னொன்று. அருளானந்தருக்கு ரோமையில் புனிதர் பட்டம் கொடுத்ததும் அதே 1947, ஜூன் 22. மூன்றே மாத இடைவெளி. நாங்களும் நீங்களும் ஒருவர் விழாவுக்கு ஒருவர் போனோமா?

---

ஆச்சி வீட்டுப் பேரன் | ஜனவரி 23, காலை 10.00

மன்னிக்கவும், நான் கிறிஸ்தவன் இல்லை. நகரத்தார். பள்ளியில் படித்தது பாதிரிமார்களிடம், அதனால் இந்த இழையை வாசிக்கிறேன். ஒரு அயலானாகச் சொல்லலாமா?

எங்கள் தெருவிலும் ஒரு ஜெப வீடு உண்டு. பாட்டு எங்களுக்குத் தொந்தரவு இல்லை. ஸ்பீக்கர்தான் தொந்தரவு. அதைவிட, கோயில் வாசலில் வந்து உங்கள் சாமி பொய் என்று எழுதிய நோட்டீஸ் கொடுத்தார்கள். எங்கள் ஆச்சிக்கு அன்று வந்த கண்ணீரை நான் மறக்கவில்லை. ஆனால் அதே ஆச்சி, யாரோ வெளியூர் ஆட்கள் வந்து அந்த வீட்டுக் கதவை உதைத்தபோது திண்ணையிலிருந்து எழுந்து போய், "அவுக நம்ம தெருவுல இருக்காக, நீங்க யாரு?" என்று கேட்டது. எண்பது வயது. வந்தவர்கள் போய்விட்டார்கள்.

செக்காலை அண்ணன் அந்தப் பாஸ்டரிடம் போய்ப் பேசுங்கள். தெருவில் உள்ளவர்களையும் கேளுங்கள். கேட்டால் வருவார்கள்.

---

செக்காலைப் பங்குக்காரன் | ஜனவரி 28, இரவு 10.10

போன வெள்ளிக்கிழமை பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு போனேன். வாசலில் நின்றதும் ஒன்றும் வரவில்லை. "அன்னைக்கு நான் நிறுத்தாமல் போயிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் "தெரியும் பிரதர், உள்ளே வாங்க" என்றார். அவர் மனைவி காப்பி கொடுத்தார்கள். அவர்கள் ஜெபம் பண்ணினார்கள். நான் 'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' தொடங்கினேன். பாதியில் வார்த்தை மாறுகிறது, அவர்களுக்கு ஒரு மாதிரி, எங்களுக்கு ஒரு மாதிரி. முடியும்போது ஒன்றாகத்தான் முடித்தோம்.

நேற்று இரண்டு தரப்பையும் கூப்பிட்டு அமைதிப் பேச்சுவார்த்தை. வக்கீல் ஐயா எழுதிக்கொடுத்த மனுவோடு போனோம். பங்குத்தந்தையும் வந்தார், நான் கேட்டவுடன் "போவோம்" என்றார். தேவகோட்டையிலிருந்து டீச்சரம்மா லீவு போட்டு வந்தார்கள். பங்குப்பேரவைப் பெரியவரும் வந்தார்! யாரிடமும் பேசவில்லை, பாஸ்டருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார், மூன்று மணி நேரமும். தெருவிலிருந்து நான்கு இந்துக் குடும்பங்கள் வந்தன. அதில் ஒரு அம்மா, ஸ்பீக்கர் வேண்டாம், வண்டிகளை என் வாசலில் நிறுத்த வேண்டாம், மற்றபடி அவர்கள் சாமியை அவர்கள் கும்பிடட்டும் என்றார்கள். பாஸ்டர் இரண்டுக்கும் உடனே சரி என்றார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எதிர்த்தவர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்கள். வீட்டுக்காரர் இந்த வருடம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். ஆனால் வரும் ஞாயிறு கதவு திறக்கிறது.

பிப்ரவரி 4 ஓரியூர் போகலாமா என்று பாஸ்டரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்கே நான் வணங்க மாட்டேன் பிரதர். ஆனா அவர் விழுந்த இடத்தைப் பார்க்க வர்றேன்" என்றார். எனக்கு அது போதும்.

---

பெயர் வேண்டாம் | ஜனவரி 29, காலை 6.40

பெரியவர் நேற்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். எங்கள் ஊர் கல்லறையை வந்து பார்க்கிறேன் என்கிறார். எங்கள் பங்கு வேறு, அவர் பேச்சு இங்கே எடுபடாது என்று சொன்னேன். பரவாயில்லை, வந்து பார்க்கிறேன் என்கிறார். வரட்டும்.

---

பள்ளத்தூர் விசுவாசி | ஜனவரி 29, காலை 9.15

ஓரியூருக்கு நானும் வரலாமா? எங்கள் சபையில் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள்.

---

தேவகோட்டை டீச்சர் | ஜனவரி 29, காலை 9.30

தாராளமாக வாங்க. புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தேவகோட்டை பஸ் ஸ்டாண்ட். கட்டுச்சோறு நான் கொண்டு வருகிறேன், புளியோதரையும் துவையலும். மொத்தம் எத்தனை பேர் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அரிசி அளந்து வைக்க வேண்டும்.